தொட்டிக்குப் போகக் கூடாத குப்பை

வீட்டில் அன்றாடம் சேரும் குப்பையில் பெரும்பகுதி மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். காய்கறித் தோல், மீந்த சோறு, வாடிய பூ எல்லாம் பச்சைத் தொட்டிக்குப் போகும். பால் பாக்கெட், அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் டப்பா நீலத் தொட்டிக்குப் போகும். இந்த இரண்டிலுமே போடக் கூடாத பொருள்களும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. எரியாமல் போன ட்யூப் லைட், ரிமோட்டிலிருந்து கழற்றிய பேட்டரி, காலாவதியான மாத்திரை, இன்சுலின் ஊசி, உடைந்த தெர்மாமீட்டர், பாதி மீந்த பெயின்ட், பூச்சிமருந்து புட்டி, பழைய செல்போன், கிழிந்த மெத்தை, தேய்ந்த டயர், குளியலறையைப் புதுப்பித்தபோது பெயர்த்த டைல்ஸ் என்று அவற்றின் பட்டியல் நீளமானது. இவற்றில் நஞ்சுள்ளவை எடையில் மிகச் சிறிய பங்குதான். ஆனாலும் குப்பைமேட்டின் மண்ணுக்கும் நீருக்கும் பாதரசமும் ஈயமும் காட்மியமும் போய்ச் சேருவது பெரிதும் இவற்றின் வழியாகவே.

2016 ஏப்ரலில் நடுவண் அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டுக் குப்பையை இரண்டாக அல்ல, மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. மூன்றாவது பிரிவு வீட்டு அபாயக் கழிவு. பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து கலன், சி.எஃப்.எல். பல்பு, ட்யூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பயன்படுத்திய பேட்டரி, ஊசி, சிரிஞ்ச் ஆகியவற்றை அந்த விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிட்டன. இவற்றைப் பொதுமக்கள் கொண்டுவந்து ஒப்படைக்க, 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு சேகரிப்பு மையத்தை உள்ளாட்சி அமைப்பு நிறுவ வேண்டும் என்றும் சொல்லின. மின்னணுக் கழிவு, பேட்டரி, கட்டட இடிபாடு ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. ஏட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அந்த மையம் தங்கள் ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. விதி வீட்டு வாசல் வரைக்கும் வந்து சேராததுதான் இந்த விஷயத்தின் பெரிய குறை.

தொட்டியில் விழும் பொருள் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், ஏன் பிரிக்க வேண்டும் என்பது தானாக விளங்கும். முதலில் அது தூய்மைப் பணியாளரின் கைக்குப் போகிறது. வீட்டார் பிரிக்காமல் விட்டதைப் பிரிக்கும் வேலை பல தெருக்களில் அவர் தலையில்தான் விழுகிறது. கையுறை போட்டிருந்தாலும் ஊசியும் உடைந்த கண்ணாடியும் அதைத் துளைத்துவிடும். அடுத்து, குப்பையை அழுத்தி ஏற்றும் லாரி. ட்யூப் லைட் நொறுங்குவதும் பேட்டரி நசுங்குவதும் அங்கேதான். கடைசியில் குப்பைக் கிடங்கு. சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது. பல பத்தாண்டுகளாக அதைத் தாங்கி வந்தவை பெருங்குடிக் கிடங்கும் கொடுங்கையூர்க் கிடங்கும். பெருங்குடிக் கிடங்கு அமைந்திருக்கும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட அதே நிலம். மழைநீர் குப்பைமேட்டினூடே இறங்கும்போது, வழியில் உள்ள உலோகங்களையும் ரசாயனங்களையும் கரைத்துக்கொண்டு கறுப்புச் சாறாகக் கீழே வடியும். அடியில் தடுப்பு இல்லாத பழைய கிடங்குகளில் அது நேராக நிலத்தடி நீரைச் சேர்கிறது. கிடங்கு தீப்பிடித்தால் இதே நஞ்சு புகையாக மேலே வரும். பெருங்குடிக் கிடங்கு 2022-இலும் கோவை வெள்ளலூர்க் கிடங்கு 2024-இலும் எரிந்தபோது, சுற்றுவட்டார மக்கள் நாள்கணக்கில் அந்தப் புகையைத்தான் சுவாசித்தார்கள்.

அபாயக் கழிவுகளில் முதலில் சொல்ல வேண்டியது பாதரசம். ஒரு சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பழைய ட்யூப் லைட்டில் அதைவிடக் கூடுதல். கண்ணாடித் தெர்மாமீட்டரில் ஏறத்தாழ ஒரு கிராம். அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம் இது. அந்த ஆவி நிறமும் மணமும் இல்லாதது என்பதால் சுவாசிப்பவருக்குத் தெரியாமலே உடலுக்குள் போகும். நீர்நிலையைச் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் ஏறும்போது படிக்குப் படி செறிவு கூடும். ஜப்பானில் மினமாட்டா விரிகுடா ஓரத்து மீனவக் குடும்பங்கள் நரம்புப் பாதிப்புக்கும் உயிரிழப்புக்கும் ஆளானது மெத்தில் பாதரசம் செறிந்த மீனைச் சாப்பிட்டதால்தான். அந்த நோய் 1956-இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013-இல் உருவான உலக உடன்படிக்கை அந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்தியா அதை 2018-இல் ஏற்று உறுதிசெய்தது.

பாதரசக் கழிவு பழைய சாமான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கொடைக்கானலில் இயங்கிய இந்துஸ்தான் யூனிலிவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த உடைந்த கண்ணாடிக் கழிவு, பாதரசம் ஒட்டியிருந்த நிலையிலேயே, மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது 2001-இல் தெரியவந்தது. ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் போராடியதை அடுத்து ஆலை அந்த ஆண்டே மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது. ஒரு தொழிற்சாலையின் கழிவையும் ஒரு வீட்டுப் பல்பையும் அளவில் ஒப்பிட முடியாதுதான். ஆனால் பொருள் ஒன்றுதான் என்பதையும், அதைத் தெரியாமல் கையில் எடுப்பவர் பழைய சாமான் தொழிலாளிதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆகவே ட்யூப் லைட்டை உடைக்காமல் வைத்திருப்பதுதான் முதல் வேலை. புது விளக்கு வந்த அட்டைக் கூட்டிலேயே பழையதைச் செருகி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம். தொட்டிக்குள் நுழையவில்லை என்று உடைத்துப் போடும் பழக்கம் மிகக் கெடுதலானது. தவறி உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு, எல்லோரும் அறையை விட்டுக் கால் மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். பிறகு கெட்டி அட்டையால் துண்டுகளை வழித்தெடுத்து, பொடியை ஒட்டும் டேப்பால் ஒற்றி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட வேண்டும். துடைப்பமும் வேக்யூம் கிளீனரும் கூடாது. இரண்டுமே பாதரசத்தைக் காற்றில் பரப்பிவிடும். தெர்மாமீட்டர் உடைந்தால் உருண்டோடும் மணிகளைக் கையால் தொடக் கூடாது. டார்ச் வெளிச்சத்தைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் அவை மின்னிக் காட்டும். அட்டையால் ஒன்றாகத் தள்ளிச் சேர்த்து, மூடியுள்ள புட்டியில் எடுக்கலாம். தங்க மோதிரமும் வளையலும் அணிந்திருந்தால் முன்பே கழற்றிவிட வேண்டும். பாதரசம் பட்ட தங்கம் அதனோடு கலந்து வெளுத்துப்போகும். எல்.இ.டி. விளக்குகளில் பாதரசம் இல்லை. ஆனால் அவற்றுக்குள் மின்னணுச் சுற்று இருப்பதால் மின்னணுக் கழிவோடு சேர வேண்டியவை.

அடுத்தது பேட்டரி. வீட்டில் இருக்கும் பேட்டரிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. வரும் ஆபத்தும் வேறு வேறு. இன்வெர்ட்டரிலும் வாகனத்திலும் இருப்பவை ஈய அமில பேட்டரிகள். அவற்றின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். நல்ல விலை கிடைப்பதால் யாரும் அவற்றைக் குப்பையில் போடுவதில்லை. சிக்கல், யாரிடம் கொடுக்கிறோம் என்பதில்தான். உரிமம் இல்லாத பட்டறைகளில் பேட்டரியை உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூசியும் படியும் தெருவில் விளையாடும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் நேரடியாகத் தாக்குகிறது. அந்தப் பாதிப்பை மருந்தால் திருப்ப முடியாது. காயலான் கடையில் நூறு இருநூறு ரூபாய் கூடக் கிடைத்தாலும், புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையைக் கழித்துக்கொள்வதே சரி. டீலர் வழியாகத் திரும்பும் பேட்டரிதான் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போய்ச்சேர வாய்ப்புள்ளது.

செல்போன், மடிக்கணினி, பவர் பேங்க் ஆகியவற்றில் உள்ள லித்தியம் அயனி பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ உள்ளே மின்குறுக்கு ஏற்பட்டுச் சூடேறும். அந்தச் சூடு அடுத்த மின்கலத்தைத் தூண்ட, சில நொடிகளில் தீ கிளம்பும். குப்பை லாரியின் அழுத்தும் தகடும், காகிதமும் பிளாஸ்டிக்கும் குவிந்த பிரிப்புக் கூடமும் இதற்கு மிக மோசமான இடங்கள். பேட்டரியின் முனைகளில் செல்லோடேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாமல் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொடுத்தால் இந்த ஆபத்து பெருமளவு நீங்கும். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. அதை வீட்டில் வைத்திருக்காமல் உடனே சேவை மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பொம்மைக்கும் கைக்கடிகாரத்துக்கும் போடும் பொத்தான் பேட்டரி அளவில் சிறியது. ஆனால் குழந்தை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்னழுத்தம் மிஞ்சியிருக்கும். கழற்றிய உடனே டேப் சுற்றி எடுத்து வைக்க வேண்டியது இதனால்தான். 2001-இன் பழைய விதி ஈய அமில பேட்டரிகளை மட்டுமே கண்டது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை பேட்டரியையும் உள்ளே கொண்டுவந்து, திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைத்தன. பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும், குறுக்கே கோடு போட்ட சக்கரத் தொட்டிப் படம் சொல்வது, இதைக் குப்பையில் போடாதே என்பதைத்தான்.

மின்னணுக் கழிவில் நிலைமை சற்றுச் சிக்கலானது. ஏனென்றால் அது குப்பையும் ஆகும், செல்வமும் ஆகும். தாமிரம், அலுமினியம், வெள்ளி, தங்கம் என்று மீட்கத்தக்க உலோகங்கள் அதில் நிறைய உள்ளன. 2022-இல் உலகம் முழுவதும் உண்டான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது நூற்றுக்கு 22 பங்கு அளவுதான் என்றும் ஐ.நா. அறிக்கை கூறுகிறது. இந்தியா அதிகம் உண்டாக்கும் நாடுகளின் முன்வரிசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பழைய சாமானைக் கைமாற்றும் வழக்கம் மறுசுழற்சி என்ற சொல் பரவுவதற்கு மிகவும் முந்தியது. ஈயப் பாத்திரத்துக்கும் இரும்புக்கும் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரர்கள் தெருத்தெருவாக வந்தார்கள். காயலான் கடைகளும் பழைய பேப்பர் கடைகளும் இன்றைக்கும் பெருமளவு பொருளைக் கிடங்குக்குப் போகவிடாமல் காப்பாற்றுகின்றன. அந்தத் தொழிலாளர்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. ஆனால் இரும்புக்கும் காகிதத்துக்கும் ஏற்ற வழி, சர்க்யூட் போர்டுக்கு ஏற்றதல்ல. தாமிரக் கம்பிக்காக வயரைக் கொளுத்தும்போது அதன் பி.வி.சி. உறையிலிருந்து டையாக்ஸின் என்ற நச்சு கிளம்பும். தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் ஊறவைத்தால் மிஞ்சும் அமிலம் மண்ணுக்குப் போகும். குளிர்சாதனப் பெட்டியின் குழாயை வெட்டினால் உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும். பழைய பெட்டிகளில் அது ஓசோன் படலத்தை அரிக்கும் வாயுவாகவே இருக்கும்.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பொருளைத் தன் பிராண்டில் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனமே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பு. பெரிய நிறுவனங்களின் சேவை மையங்களும் சில விற்பனைக் கடைகளும் பழைய பொருளை வாங்கிக்கொள்கின்றன. புதுப் பொருள் வாங்கும்போது பழையதைக் கழித்துக்கொள்ளும் திட்டம் இருந்தால் அதைப் பயன்படுத்துவது எளிது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியலை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். கொடுக்கும் முன் செல்போனையும் கணினியையும் அவற்றிலுள்ள கணக்குகளிலிருந்து விடுவித்து, தகவல்களை அழித்து, சிம் கார்டையும் மெமரி கார்டையும் எடுத்துவிட வேண்டும்.

மருந்துக்கு வருவோம். காய்ச்சலுக்கு வாங்கியதில் பாதி, மருத்துவர் மருந்தை மாற்றியதால் மீந்தது என்று அநேகமாக எல்லா வீட்டு அலமாரியிலும் மாத்திரை அட்டைகள் சேர்ந்துகிடக்கும். கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டால் கரைந்துவிடும் என்று நினைப்பது தவறு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்துப் பொருள்களை முழுவதும் நீக்கும்படி அமைந்தவை அல்ல. ஆன்டிபயாடிக் எச்சம் சாக்கடையிலும் ஏரியிலும் கலந்தால், அதற்குப் பழகித் தப்பிக்கும் கிருமிகள் அங்கேயே பெருகும். நாளைக்கு அதே மருந்து நோயாளிக்கு வேலை செய்யாமல் போக இதுவும் ஒரு காரணம். 2025-இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல் இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்கிறது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டயசெபாம் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டும், ஒப்படைக்க வழியில்லாதபோது கழிப்பறையில் கொட்டிவிடலாம். வேறொருவர் தவறி உட்கொண்டால் ஒரே வேளையில் உயிருக்கே ஆபத்து என்பதால் இந்த விலக்கு. மற்றவை எல்லாம் சேகரிப்பு மையத்துக்கே போக வேண்டும். கேரளம் 2025-இல் 'என்-பிரவுட்' என்ற பெயரில் வீடுகளிலிருந்து காலாவதி மருந்துகளைச் சேகரித்து முறையாக எரிக்கும் திட்டத்தைக் கோழிக்கோட்டில் தொடங்கியது. எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அது. அப்படி ஒரு மையம் கிடைக்காத ஊரில், அட்டையைப் பிரித்து மாத்திரைகளை மண்ணோடோ காப்பித் தூள் சக்கையோடோ குழைத்து, உறையில் இறுக்கிக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் தனியாக ஒப்படைப்பது இருப்பதில் பாதுகாப்பான வழி. அப்படியே அட்டையோடு போட்டால் குழந்தைகளும் கால்நடைகளும் தின்ன நேரலாம். மீண்டும் விற்பனைக்கும் போகலாம்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் உள்ளது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வு சொல்கிறது. அவர்களில் வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். அந்த ஊசி தூய்மைப் பணியாளரின் கையில் குத்தினால் ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி. ஆகியவற்றின் அச்சம் அந்தக் குடும்பத்தை மாதக்கணக்கில் வாட்டும். கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றை ஒதுக்கி, போட்டுக்கொண்ட ஊசியை அந்தக் கணமே அதற்குள் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை டேப்பால் ஒட்டி, மேலே 'ஊசி' என்று எழுதி, வாடிக்கையாகப் போகும் மருத்துவமனையில் ஒப்படைக்கலாமா என்று கேட்க வேண்டும். மருத்துவக் கழிவை முறைப்படி அழிக்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டியவை மருத்துவமனைகள்.

சானிட்டரி நாப்கினும் டயப்பரும் அபாயக் கழிவுப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அவற்றைச் சுற்றாமல் போடுவது அதே கையைத்தான் இழிவுபடுத்துகிறது. உற்பத்தியாளர் தரும் உறையிலோ தகுந்த வேறு உறையிலோ சுற்றியே போட வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. புணேயில் குப்பை சேகரிக்கும் பெண்கள் நடத்தும் 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு, காகிதத்தில் சுற்றிச் சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள் என்று வீட்டாரைக் கேட்டுக்கொண்டது. பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்று அந்தப் புள்ளி சொல்லிவிடும். செலவே இல்லாத இந்த வழக்கத்தை எந்த வீடும் இன்றே தொடங்கலாம்.

பெயின்ட், தின்னர், பூச்சிமருந்து, கழிப்பறை அமிலம் ஆகியவற்றைத் தேவைக்கு மேல் வாங்காமலிருப்பதே முதல் வழி. மீந்ததைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஒன்றோடொன்று கலக்கவும் கூடாது. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூச்சிமருந்து வந்த கேனைக் கழுவித் தண்ணீரோ எண்ணெயோ வைத்துக்கொள்வது உயிரோடு விளையாடுவது. ஸ்பிரே டப்பாவைத் தீயில் போட்டால் வெடிக்கும். வடை சுட்டு மீந்த எண்ணெய் நஞ்சல்ல என்றாலும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டால் குழாயில் உறைந்து அடைக்கும். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் 'ரூகோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அது பெரும்பாலும் உணவகங்களுக்கானது. வீட்டில் மீந்த சிறிதளவு எண்ணெயைப் பழைய காகிதத்தில் உறிஞ்சவிட்டுக் குப்பையில் சேர்க்கலாம்.

பெரிய சாமான்களில் நஞ்சைவிட இடமே பிரச்சினை. இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்து அடித்துத் தைத்துக் கொடுக்க ஆள் இருந்தவரை அது குப்பையானதே இல்லை. இன்றைய ஃபோம் மெத்தைக்கு அப்படி மறுபிறவி கிடையாது. தெருவோரத்தில் போட்டால் மழைநீர்க் கால்வாயை அடைக்கும்; டயரில் தேங்கும் நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது இன்னும் கெடுதி. 2018 போகி நாளில் புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போயின. சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரில், பழைய சோபா, மெத்தை, துணி, மின்னணுப் பொருள் ஆகியவற்றைச் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுத்துச் செல்லும் ஏற்பாட்டைத் தொடங்கியது. மாநகராட்சியின் புகார் எண் 1913. கட்டட இடிபாட்டைக் குப்பையோடு கலக்காமல் மாநகராட்சி குறித்த இடத்தில் கொட்டினால், அரைத்து மணலும் நடைபாதைக் கல்லும் ஆக்கலாம். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அதற்கான ஆலைகள் உள்ளன. ஒப்பந்தக்காரர் இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டிவிட்டுப் போவதைத் தடுக்க, வேலை பேசும்போதே இடிபாடு எங்கே போகும் என்று வீட்டுக்காரர் கேட்டுவிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் வீட்டில் தேவைப்படுவது மூடியுள்ள ஒரு பழைய பெயின்ட் வாளி. பேட்டரி ஒரு டப்பாவிலும் மருந்து ஒரு டப்பாவிலும் பல்பு அட்டையிலுமாக அதற்குள் வைத்து, வெயிலும் ஈரமும் படாத உயரத்தில் வைத்தால், ஒரு குடும்பத்துக்கு நிரம்பப் பல மாதமாகும். ஒரே தெருவிலோ அடுக்ககத்திலோ உள்ளவர்கள் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக்கொண்டால், மொத்தமாக எடுத்துப்போக மறுசுழற்சியாளரே வண்டி அனுப்ப முன்வருவார். அந்த வாளி நிரம்புவதற்குள் நகராட்சியிலோ வார்டு உறுப்பினரிடமோ ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: இந்தப் பகுதிக்கான வீட்டு அபாயக் கழிவு மையம் எங்கே? இல்லை என்று பதில் வந்தால், எப்போது வரும் என்று எழுத்தில் கேட்க ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு.